பதினெட்டு பாசஞ்சர்

வாழ்க்கையில் முதன்முதலாகப் பொருள் தெரிந்துகொண்ட இங்கிலீஷ் வார்த்தை எது என்று யாராவது உங்களைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? என்னோடு படித்தவர்களைத்தான் கேட்கிறேன். வீட்டில் முதல் ஆளாகச் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு போனோமே, நம்மைத்தான். பூனை, எலி, பசு என்று பாடப் புத்தகத்தில் வந்ததைச் சொல்லாதீர்கள். அதெல்லாம் பிரம்புக்குப் பயந்து மனப்பாடம் செய்தது. ஒரு வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்து, இனி இதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது என்று தோன்றியிருக்குமே, அதைச் சொல்லுங்கள்.

எனக்கு அது ‘பாசஞ்சர்’.

எழுதும்போதே பெட்ரோல் வாடை வருகிறது. அதோடு சித்தப்பாவின் சட்டையிலிருந்த அந்துருண்டை வாடையும் வருகிறது. அப்போது எனக்குப் பதினோரு வயது. பேரையூரிலிருந்து மதுரைக்கு பஸ் விட்ட வருஷம் அது.

பேரையூருக்கு இரண்டு கல் தள்ளி எங்கள் ஊர். கரிசல் காடு, பருத்தியும் கம்பும் விளையும். பங்குனி மாதம் பருத்தி எடுத்து முடித்த வெறுங்காட்டில் ஒரு காலைப்பொழுது ‘பாம் பாம்’ என்று சத்தம் கேட்டது. மாடு மேய்த்தவர்கள் மாட்டை விட்டுவிட்டு ஓடினார்கள், பருத்திச் செடி பிடுங்கியவர்கள் பிடுங்கியதைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் இருந்தேன். பையைத் தலையில் வைத்துக்கொண்டு எதிர்த்திசையில் ஓடினேன்.

எங்கள் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில், புளியமரத்தடியில் பஸ் வந்து நின்றது. பச்சைப் பெயிண்ட் அடித்த மரக்கூடு. பக்கவாட்டில் சுருட்டிக் கட்டிய கான்வாஸ் படுதா. உள்ளே இரண்டு பக்கமும் நீளப் பெஞ்சு, நடுவில் பலகைத் தரை. டிரைவர் இறங்கி முன்னால் வந்து ஒரு வளைந்த கம்பியைச் செருகி, பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினார். மூன்று சுற்றுக்கு ஒன்றும் இல்லை. நாலாவது சுற்றில் வண்டி இருமியது, தும்மியது, பிறகு மொத்தமாக நடுங்க ஆரம்பித்தது. எங்களுக்கும் நடுக்கம் வந்துவிட்டது. அப்படி ஒரு சந்தோஷம்!

பின்னால் படியில் தொங்கிக்கொண்டிருந்த கண்டக்டர், மதுரை டவுன்காரர், மீசை இன்னும் சரியாக முளைக்காத வயது, உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு உரக்கச் சொன்னார்:

“பாசஞ்சர் ஏழு, ஆளு நாலு! ரைட்!”

வண்டி போய்விட்டது. புழுதி அடங்கிய பிறகும் நாங்கள் அங்கேயே நின்றோம். “பாசஞ்சர் ஏழு, ஆளு நாலு!” என்று நான் ஒருமுறை கத்திப் பார்த்தேன். கூட நின்ற பையன்கள் அத்தனை பேரும் கத்தினார்கள். அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் நண்டு சிண்டெல்லாம் அதைத்தான் கத்தியது.

யார் பாசஞ்சர், யார் ஆளு? நாலைந்து நாள் விலக்கில் நின்று பார்த்ததில் எங்களுக்கே விளங்கிவிட்டது. சட்டை போட்டவர், குடை வைத்திருப்பவர், காலில் செருப்பு உள்ளவர் பாசஞ்சர். அவர்கள் பெஞ்சில் உட்காருவார்கள். தோளில் துண்டு மட்டும் போட்டவர், கூடை சுமந்தவர், ரவிக்கை போடாத பொம்பளைகள், இவர்களெல்லாம் ஆளு. அவர்கள் நடுவே பலகைத் தரையில் மூட்டை முடிச்சோடு குந்த வேண்டும். கட்டணம் இருவருக்கும் ஒன்றுதான். அதை யாரும் கேட்கவும் இல்லை, கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

என் சித்தப்பா, கொழும்பில் ஏழு வருஷம் இருந்துவிட்டு வந்தவர், ஊருக்கே இதற்கு விளக்கம் சொன்னார்.

“பாசஞ்சர்ங்கிறது ஒரு அந்தஸ்துப்பா. மணியகாரர், கணக்குப்பிள்ளைன்னு இருக்குல்ல, அது மாதிரி. கப்பல்லயே பாத்தேன். மேல்தட்டுல நாற்காலி போட்டு இருந்தவகளத்தான் பாசஞ்சர்னு எழுதுனாக. கீழ எங்கள எல்லாம் கூலின்னு எழுதுனாக. நான் கண்ணால பாத்தது.”

கண்ணால் பார்த்தவர் சொன்னால் மறுபேச்சு ஏது? எங்கள் அய்யா, சித்தப்பாவின் அண்ணன், தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அய்யாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் யாருக்கு எந்த இடம் என்பது மட்டும் தனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்தார். அந்த நினைப்பில்தான் இந்தக் கதையே இருக்கிறது.

பங்குனி முடிவதற்குள் என்னைப் பெற்ற ஆத்தா விழுந்துவிட்டாள்.

கிணற்றுப் படியில் ஈரத்தில் வழுக்கி, இடது முழங்கால் கல்லில் மோதியது. எலும்பு கட்டுகிறவர் வந்து முட்டையும் உளுந்து மாவும் குழைத்துப் பற்றுப் போட்டு மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். மூன்று வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது வலி கொஞ்சம் குறைந்திருந்தது. ஆனால் கால் மடங்கவில்லை. உலக்கை மாதிரி நேராக நின்றது. என் ஆத்தா ஓடி ஓடி வேலை செய்கிறவள். பருத்திக் காட்டில் இரண்டு நிரை முன்னால் போய் நின்றுகொண்டு மற்றவர்களைக் கேலி செய்கிறவள். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டினாள். தரையில் உட்கார முடியாது, உட்கார்ந்தால் எழ முடியாது. சோறு தின்னக்கூட உரலின்மேல்தான் உட்கார்ந்தாள்.

மாட்டுவண்டியில் டி. கல்லுப்பட்டிக்குக் கொண்டுபோய் ஒரு கம்பவுண்டரிடம் காட்டினார்கள். போகும்போதும் வரும்போதும் வண்டி குலுங்கிய குலுக்கலில் ஆத்தா வாய்விட்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

“மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. நாள் கடத்தாதீங்க. இப்பப் போனா மடங்கும், மழைக்காலம் வரைக்கும் விட்டா இப்படியே இறுகிரும்” என்றாராம் கம்பவுண்டர்.

கல்லுப்பட்டிக்கே இந்தப் பாடு என்றால், மதுரைக்கு மாட்டுவண்டியில் எப்படி? பஸ்தான் வழி. பஸ்ஸில் ஆத்தா எங்கே உட்காருவாள்? பெஞ்சு என்றால் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஆனால் ரவிக்கை இல்லாத, தலையில் எண்ணெய் வழிகிற, பருத்திக் காட்டுப் பொம்பளையை யார் பெஞ்சில் விடப்போகிறார்கள்? தரையில் குந்தவோ அவளால் முடியாது. எங்கள் வீட்டில் நாலு நாள் இதே பேச்சு. அய்யா சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த நாலாம் நாள்தான் விலக்கில், புளியமரத்து வேரில் ஒட்டிக்கிடந்த ஒரு சீட்டை எடுத்தேன்.

யாரோ இறங்கினவர் எறிந்துவிட்டுப் போன பஸ் டிக்கெட். இளஞ்சிவப்பு நிறம். ஒரு பக்கம் தமிழில் ஊர்ப்பெயர்கள், மறுபக்கம் இங்கிலீஷில் இரண்டு வரி. எழுத்துக் கூட்டினேன். பீ, ஏ, எஸ், இன்னொரு எஸ்... பாசஞ்சர்! தினமும் கேட்கிற அதே வார்த்தை, அச்சில்!

பேரையூர்ப் பள்ளிக்கூடத்து அலமாரியில் அட்டை இல்லாத அகராதி ஒன்று இருந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். முதல் இரண்டு எழுத்துகளின் பக்கங்களையும் கரையான் தின்றுவிட்டது. நல்லவேளை, எனக்கு வேண்டிய பக்கம் பிழைத்திருந்தது. விரலை வைத்துத் தேடினேன். ‘கூலி கொடுத்து வாகனத்தில் செல்வோன், பிரயாணி’ என்று இருந்தது. அவ்வளவுதான். மூன்று தடவை படித்தேன். சட்டையைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. குடையைப் பற்றி இல்லை. சீட்டின் பின்னால் இருந்த வரியையும் வார்த்தை வார்த்தையாகப் பிரித்துப் பார்த்தேன். பாசஞ்சர் ஒவ்வொருவரும் கேட்டபோது இச்சீட்டைக் காட்ட வேண்டும் என்பது அதன் பொருள்.

ஒவ்வொருவரும்! இதே சீட்டைத்தானே தரையில் குந்துகிறவர்களுக்கும் கிழித்துக் கொடுக்கிறார்?

இரண்டு கல்லும் ஓடியே வந்தேன். அய்யா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

“அய்யா! பாசஞ்சர்னா சட்ட போட்டவக இல்லய்யா. துட்டு குடுத்து வண்டியில போற அம்புட்டுப் பேரும் பாசஞ்சர்தான். பொஸ்தகத்துல போட்டிருக்கு. இந்தச் சீட்டுலயும் போட்டிருக்கு. ஆத்தா பெஞ்சுலயே உக்காரலாம்!”

அய்யா சீட்டை வாங்கிப் பார்த்தார். தலைகீழாகத்தான் பிடித்திருந்தார்.

“இம்புட்டுச் சின்னச் சீட்டுல அம்புட்டும் போட்டிருக்கா?”

“ஆமாய்யா.”

“பொஸ்தகத்துல ஆயிரம் போட்டிருப்பாகடா. வண்டி ஓட்டுறவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிரப்போகுது? இதச் சொல்லிக்கிட்டு அங்க போய் நின்னா, மூணு பேரையும் எறக்கி விட்டுட்டுப் போயிருவான். பேசாம இரு.”

உரலின்மேல் உட்கார்ந்திருந்த ஆத்தா மட்டும் கையை நீட்டி அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டாள். சுருக்குப்பையில் வெற்றிலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

அய்யா வேறு ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் பாசஞ்சர் ஆகிவிடுவது! அவர் ஆகிவிட்டால் பாசஞ்சர் பெண்டாட்டியும் பெஞ்சுக்கு வந்துவிடுவாள். மணியகாரர் பெண்டாட்டிக்கு மணியகாரர் மரியாதை கிடைக்கவில்லையா? கணக்கு நேராகத்தான் இருந்தது. சித்தப்பாவும் துள்ளிக் குதித்தார்.

“அப்படிப் போடுங்கண்ணே! எங்கிட்டச் சட்ட இருக்கு, குட இருக்கு, செருப்பும் இருக்கு. நாளைக்கே உங்கள பாசஞ்சர் ஆக்கிக் காட்டுறேன்.”

மறுநாள் மாட்டுத் தொழுவத்தில் ஒத்திகை நடந்தது. இரண்டு கல்லின்மேல் ஒரு பலகை, அதுதான் பெஞ்சு. சித்தப்பாவின் கொழும்புச் சட்டை வெள்ளை, கழுத்துப்பட்டி மொடமொடப்பு, எலும்புப் பித்தான். சித்தப்பா ஒல்லி. அய்யா ஏர் பிடித்த நெஞ்சுக்காரர். மூன்றாவது பித்தானைப் போட நானும் சித்தப்பாவும் இரண்டு பக்கமும் இழுத்தோம். போட்டதும் அய்யா மூச்சு விடப் பயந்து நின்றார். செருப்போடு நாலு எட்டு வைத்தார். சேற்றில் நடக்கும் கொக்கு தோற்றது.

சித்தப்பாதான் கண்டக்டர். “எங்கிட்டுப் போகணும்?”

அய்யா சட்டென்று எழுந்து, கக்கத்தில் துண்டைத் தேடி, அது இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டார். “மதுரைக்குங்க சாமி.”

“அய்யோ அண்ணே! எந்திரிக்கப்படாது. கையக் கட்டப்படாது. வெளிய வேடிக்க பாத்துக்கிட்டே, ‘மதுரை’ன்னு ஒத்த வார்த்த சொல்லணும்.”

“அவரு மூஞ்சியப் பாக்காமயா? மரியாத இல்லாமயா?”

“மரியாத இல்லாம இருந்தாத்தாண்ணே பாசஞ்சரு!”

ஆத்தா உரலில் உட்கார்ந்தபடி விழுந்து விழுந்து சிரித்தாள். “கொழுந்தனாரே, இவுகள பாசஞ்சர் ஆக்குறதுக்கு நம்ம செவலக் காளைய ஆக்கிரலாம்” என்றாள். கால் விழுந்த பிறகு அவள் சிரித்தது அன்றுதான். அய்யாவும் சிரித்தார். மூன்றாவது பித்தான் தெறித்துத் தவிட்டில் விழுந்தது. அரைமணி நேரம் தவிட்டைச் சலித்தோம்.

புறப்பட்ட நாளை மறக்கவே முடியாது. விடிந்ததும் விலக்குக்குப் போனோம். சித்தப்பாவும் நானும் ஆத்தாவைத் தாங்கிப் பிடித்திருந்தோம். அய்யா கொஞ்சம் தள்ளி, குடையை ஊன்றி, சட்டையோடு விறைத்து நின்றார். ஊரே பார்க்க வந்திருந்தது. சத்தம் கேட்டது. பச்சை வண்டி வந்தது. எனக்குக் காதெல்லாம் சுட்டது. வாழ்நாளில் முதல் பஸ்!

கண்டக்டர் குதித்து இறங்கினார். அய்யாவை மேலிருந்து கீழே பார்த்தார்.

“வாங்க வாங்க, மேல வாங்க. எங்க போகணும்?”

அய்யா படியேறி, வெளியே காட்டைப் பார்த்துக்கொண்டு, “மதுரை” என்றார். குடையை இறுக்கிப் பிடித்திருந்தார். ஆனால் கையைக் கட்டவில்லை!

“இங்கிட்டு உக்காருங்க” என்று பெஞ்சில் ஓரிடத்தைக் காட்டினார் கண்டக்டர். பிறகு, சித்தப்பா தூக்கி ஏற்றிவிட்ட எங்களைப் பார்த்தார். “ஆத்தா, நீ கீழ தள்ளி உக்காரு. டேய் பொடியா, நீயும். பாசஞ்சர் பதினெட்டு, ஆளு பன்னெண்டு! ரைட்!”

வண்டி கிளம்பிவிட்டது.

ஆத்தா மூட்டைகளுக்கு நடுவே எப்படியோ சரிந்து, காலைக் குறுக்கே நீட்டி உட்கார்ந்தாள். ஒவ்வொரு குழியிலும் வண்டி எகிறும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிற காலும் இறங்குகிற காலும் அவள் முழங்காலைத் தாண்டிப் போகும். அவள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் அய்யாவைப் பார்த்தேன். ‘எழுந்து இடம் கொடு’ என்று கண்ணால் கத்தினேன். அய்யா குடைக் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கல்லுப்பட்டி தாண்டும்வரை நான் அவரை வெறுத்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். பாசஞ்சர் ஆனதும் எங்களை மறந்துவிட்டார் என்றே நினைத்தேன். இப்போது யோசித்தால்தான் தெரிகிறது, அவர் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார். எழுந்தால் வேஷம் கலையும், வேஷம் கலைந்தால் மூன்று பேரையும் நடுக்காட்டில் இறக்கிவிடுவான் என்று நினைத்து, பித்தான் தெறிக்காமல் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்.

திருமங்கலம் நெருங்கும்போது வண்டி நின்றது. ஒரு கண்மாய்க் கரை தெரிந்தது.

“ஆளெல்லாம் எறங்கு! கரை மேலயே நடந்து அங்கிட்டு வந்து நில்லுங்க, ஏத்திக்கிறேன். சீக்கிரம், சீக்கிரம்!”

தரையில் இருந்தவர்கள் கேள்வி கேட்காமல் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். தினமும் நடப்பதுதானாம். முன்னால் போலீஸ் சாவடியில் ஏட்டு நிற்பார், வண்டியில் உள்ளவர்களை எண்ணுவார். வண்டியின் பின்னால் தகரத்தில் ‘பதினெட்டு பாசஞ்சர்’ என்று எழுதியிருக்கிறது, அதற்குமேல் ஒருவர் இருந்தாலும் வழக்கு. ஆகவே சாவடி வரும்போது ஆளு எல்லாம் இறங்கி அரைக் கல் சுற்றி நடந்து, சாவடி தாண்டி மறுபடி ஏறிக்கொள்ள வேண்டும்.

ஆத்தா பெஞ்சுக் காலைப் பிடித்து எழுந்தாள். ஓர் அடி வைத்தாள். நெற்றியில் வேர்வை பொடித்தது.

“ஏ ஆத்தா, பையப் பைய வந்தா எப்படி? எறங்கு” என்றார் கண்டக்டர்.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. “எங்க ஆத்தா பாசஞ்சர்!” என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கையிலிருந்த சீட்டைத் திருப்பி, இங்கிலீஷ் வரியைக் கடகடவென்று வாசித்தேன். “பாசஞ்சர் ஒவ்வொருவரும்னு போட்டிருக்கு. சீட்டு வச்சிருக்க எல்லாரும் பாசஞ்சர்தான்!”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கண்டக்டரும் சிரித்தார். “அடேயப்பா, மாப்ள இங்கிலீசு படிச்சிட்டாப்ல! தொரைக்கு ஒரு நாற்காலி போடுங்கப்பா.”

ஆத்தா சிரிக்கவில்லை. சுருக்குப்பையை அவிழ்த்தாள். நான் பொறுக்கிக் கொடுத்த பழைய சீட்டையும் அன்றைய சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. பிறகு என்னிடம் கேட்டாள்:

“இதுல ஆம்பளன்னு போட்டிருக்கா?”

“இல்லாத்தா.”

“சட்ட போட்டவகன்னு?”

“இல்ல.”

“காலு நல்லா இருக்கவகன்னு?”

“இல்லவே இல்ல!”

“அப்ப நான் எறங்கல” என்று பெஞ்சுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. கண்டக்டருக்கு முகம் மாறியது. “வெளையாடாத ஆத்தா. நீ இருந்தா பத்தொம்பது. லைசென்சப் புடுங்கிருவாக. என் பொழப்புல மண்ணப் போடாத” என்று ஏறக்குறைய கெஞ்சினார். டிரைவர் ஹாரனை அமுக்கினார். வெயிலில் வண்டி நடுங்கிக்கொண்டே நின்றது. ஆத்தாவும் நடுங்கினாள், ஆனால் கம்பியை விடவில்லை.

அப்போது அய்யா எழுந்தார்.

குடையைச் சாய்த்து வைத்தார். பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். மூன்றாவதைக் கழற்றியதும் நீளமாக ஒரு மூச்சு விட்டார். சட்டையை மடித்து என் கையில் கொடுத்தார்.

“சித்தப்பன் சட்ட. கரையில கருவ முள்ளு கெடக்கும், கிழிஞ்சிரும். நீ வச்சுக்க” என்றார். பிறகு கண்டக்டரைப் பார்த்தார். நேராக முகத்தைப் பார்த்தார், கையைக் கட்டாமல். “தம்பி, பதினெட்டுதானே வேணும்? நான் எறங்குறேன். அவ உக்காரட்டும்.”

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி, ஆளுகளோடு கரையில் ஏறி நடந்தார். அவருடைய அகல முதுகு வெயிலில் பளபளத்தது. கொக்கு நடை இல்லை, அவருடைய சொந்த நடை.

காலியான இடத்துக்குப் பக்கத்தில் இருந்தவர் ஒரு பட்டுநூல் வியாபாரி. தன் வீட்டம்மாளிடம் தங்கள் வீட்டுப் பாஷையில் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் நகர்ந்து ஆத்தாவைத் தன் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தார். ஆத்தாவின் கால் நீண்டு நின்றது.

“பொடியன்?” என்றார் கண்டக்டர்.

“அவன் என் மடியில. மடிக்குக் கணக்கில்ல” என்று வியாபாரி என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு முழங்கால் அவர் தாடைக்கு வந்தது.

ஏட்டு வந்தார். பின்படியில் ஒரு காலை வைத்து, கைத்தடியால் காற்றில் தட்டித் தட்டி எண்ணினார். பதினாறு, பதினேழு... ஆத்தாவிடம் வந்ததும் தடி நின்றது. எண்ணெய்த் தலை, வெறுந்தோள், புழுதிக் கால், மடங்காத முழங்கால்.

“இது யாரு?”

கண்டக்டர் ஆத்தாவைப் பார்த்தார், அவள் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார்.

“பாசஞ்சர் சார்.”

“பதினெட்டு” என்றார் ஏட்டு. தடியை ஆட்டிப் போகச் சொன்னார்.

வண்டி நகர்ந்தது. ஆத்தா என்னைப் பார்த்தாள். அந்தக் கண்ணை எப்படி எழுதுவது? பருத்திக் காட்டில் இரண்டு நிரை முன்னால் போய்த் திரும்பிப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. நான் முன்பின் தெரியாத ஒருவர் மடியில் உட்கார்ந்துகொண்டு ‘ஓ’வென்று கத்தினேன். வியாபாரி காதைப் பொத்திக்கொண்டார்.

சாவடி தாண்டி ஆளுகள் ஏறினார்கள். அய்யாவின் கெண்டைக்காலில் முள் கீறி ரத்தம் கோடு போட்டிருந்தது. அவர் பின்னால் போகவில்லை. ஆத்தாவின் காலடியில் பலகையில் உட்கார்ந்தார். அவள் குதிகாலைத் தன் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டார். குழி வரும்போதெல்லாம் கையை மேலே தூக்கி வாங்கிக்கொண்டார். இன்று திருநகர் என்று வீடுகள் எழும்பியிருக்கும் இடம் அன்று வெறும் பொட்டல். அதையும் தாண்டி, கோபுரங்கள் தெரிந்து, மதுரையில் வண்டி நிற்கும்வரை அந்தக் கையை அவர் எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாள் இருந்தோம். கால் முழுதாக மடங்கவில்லை. முக்கால்வாசி மடங்கியது. பருத்தி எடுக்க அது போதும் என்றாள் ஆத்தா. அடுத்த தையில் பழையபடி ஒரு நிரை முன்னால் போனாள். இரண்டு நிரை முடியவில்லை.

ஊர் திரும்பியதும் சித்தப்பா ஓடி வந்தார். “என்னண்ணே, சட்ட வேல செஞ்சதா? பாசஞ்சர் ஆயிட்டீகளா?”

“நான் ஆகலடா. உன் மதினி ஆயிட்டா” என்றார் அய்யா.

அதன் பிறகு ஒரு மாதம் எங்கள் வீட்டு முற்றத்தில் கூட்டம்தான். பொம்பளைகள் வந்து, சீட்டை எடுத்துக் காட்டச் சொல்வார்கள். நான் வாசிப்பேன், ஆத்தா பொருள் சொல்வாள். நான் சொன்னதைவிட நீளமாகச் சொல்வாள். வெற்றிலையோடு கிடந்து சுண்ணாம்பும் சாறும் பட்டு அந்தச் சீட்டு பழுப்பாகி, எழுத்து மங்கி, ஒருநாள் பையைத் துவைக்கும்போது கரைந்து போயிற்று. அதற்குள் அதன் வேலை முடிந்திருந்தது. விலக்கில் நிற்கும் பொம்பளைகள் பெஞ்சு காலியாக இருந்தால் நேரே போய் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். கண்டக்டர் கொஞ்ச நாள் முறைத்தார். பிறகு அவரும் ஒரு வழிக்கு வந்தார். பழைய வார்த்தையை விட மனமில்லை, புதியதை மறுக்கவும் தைரியமில்லை. “பாசஞ்சர் ஒம்பது, ஆளு பாசஞ்சர் ஆறு! ரைட்!” என்று சொல்லத் தொடங்கினார். கேட்டுக் கேட்டு நாங்கள் உருண்டு சிரித்தோம்.

இப்போது நான் சம்பளம் வாங்குகிறேன். முதல் மாதச் சம்பளத்தில் அய்யாவுக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தேன். நெஞ்சளவு சரியாக எடுத்து, மூன்றாவது பித்தான் தானாகப் போய் விழுகிற மாதிரி தைக்கச் சொன்னேன். கல்யாணம், கோயில், என்னைப் பார்க்க வருவது எல்லாவற்றுக்கும் அதைப் போட்டுக்கொண்டுதான் வருவார்.

ஆனால் விலக்கில் பஸ் சத்தம் கேட்டதும் சட்டையைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொள்வார். வெறும் உடம்போடு ஏறி, பெஞ்சில் நடுவில் போய் உட்கார்ந்து, கண்டக்டர் முகத்தைப் பார்த்து “மதுரை” என்பார்.

ஏன்யா என்று கேட்டால், வேர்க்குதுப்பா என்கிறார். மார்கழியிலும் அப்படித்தான் சொல்கிறார்.